கழிவு ஒயில் பூசிய கை

தோணியைக் கரைக்கு இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது கரைச் சேற்றில் வளர்கிற கண்ணாப் பற்றைக்குக் கீழே கறுப்பாய் ஏதோ கிடந்தது. பழைய டயர்த் துண்டு என்று நினைத்தேன். அந்த வருடங்களில் கரையில் ஒதுங்கிக் கிடப்பவற்றை நாங்கள் கிட்டப்போய்ப் பார்ப்பதில்லை. பார்த்தால் யாருக்காவது சொல்ல வேண்டி வரும். சொன்னால் யாராவது வந்து கேட்பார்கள். அதனால் வலையை உதறி, இறாலைப் பறியில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த தென்னோலையை மண்ணில் இழுப்பது போன்ற சத்தம். திரும்பினால் டயர்த் துண்டு எழுந்து எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

அது நாய்தான். உடம்பில் மயிர் இல்லை. தோல் தடித்து, மடிந்து, முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தது. காதுகள் வாழைச் சருகு போலச் சுருண்டிருந்தன. யாரோ அதன் உடம்பு முழுக்கக் கறுப்பாய் எதையோ பூசி, அது தூசியோடு இறுகி ஓடு மாதிரி ஆகியிருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு துணி. காற்று திரும்பியதும் மணம் வந்தது. அழுகல் மணமும் மெசின் ஒயில் மணமும்.

நான் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. துரத்துவதென்றால் ஒரு சத்தம் போட வேண்டும். எனக்கு அது வராது.

இது ஊருக்கே தெரிந்த விஷயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். அப்பா போன பிறகு அவருடைய தோணியை எடுத்துக்கொண்டேன். அம்மாவும் போன பிறகு தன்னாமுனைக்குத் தெற்கே ஆற்றோரத்து வளவில் தனியே இருந்தேன். வாவி என்று எழுதுவார்கள், நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றுக்குள் யாரோடும் பேசத் தேவையில்லை. கரையில்தான் கஷ்டம். யாராவது எதையாவது கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பெரிய வீதியில் இருந்த கடைக்கார அண்ணன், புதிதாய் வருகிறவர்களுக்கு என்னை இப்படித்தான் அறிமுகம் செய்வார்.

“இவரிட்ட என்ன கேட்டாலும் வாய் திறக்க மாட்டார். தலைய ஆட்டினா இல்லை. பேசாம நிண்டா ஓம். பழகிட்டா லேசு. பொம்புள பாக்கப் போன இடத்தில பேசாம இரிந்திட்டார். அவங்க ஓம் எண்டு நினைச்சுப் பந்தல் போடத் தொடங்கிட்டாங்க. மறுகா நான்தான் ஓடிப்போய் நிப்பாட்டினன்.”

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பக்கத்து வளவில் ஒரு அக்கா இருந்தார். சொந்தமில்லை, அக்கா என்று கூப்பிட்டுப் பழகியது. கணவர் எப்போதோ இறந்துவிட்டார். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து ஒரே மகனை வளர்த்தார். அவன் பெரிய வீதியில் ஒரு கொட்டில் போட்டு மோட்டார் சைக்கிளும் தண்ணீர் இறைக்கிற மெசினும் திருத்தினான். மாரி முடிந்த கையோடு ஒரு மத்தியானம் வான் வண்டி ஒன்றில் சிலர் வந்தார்கள். ஒரு மெசின் ஓடுதில்லை, வந்து பார் என்றார்கள். ஸ்பனர்ப் பையை எடுத்துக்கொண்டு ஏறினான். பிறகு வரவில்லை. கொட்டில் திறந்தபடியே கிடந்தது.

வந்தவர்கள் யார் என்று, கண்டவர்கள் ஆளுக்கொரு விதமாய்ச் சொன்னார்கள். பிறகு தாங்கள் காணவே இல்லை என்றார்கள். அக்கா இராணுவ முகாம்களுக்குப் போனார். ஆற்றைக் கடந்து, இயக்கம் இருந்த கரடியனாறு வரைக்கும் போய்க் கேட்டார். எங்கே போனாலும், அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்றுதான் பதில். திரும்பி வந்து வேலியடியில் நின்று என்னிடம் சொல்வார். நான் பதில் சொல்ல மாட்டேன் என்பதால் என்னிடம் சொல்வது அவருக்கு லேசாக இருந்திருக்க வேண்டும்.

“இரிக்கானா இல்லையா எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், தம்பி. வேற ஒண்டும் கேக்கல்ல.”

நாய் என்னோடு வந்த அன்றும் அவர் வேலியடியில்தான் நின்றார். அவருக்கு நாய்கள் பிடிக்காது.

“என்ன தம்பி, இண்டைக்கு வலையில இதுதானா பட்டது?”

நான் பேசாமல் நின்றேன்.

“ஓம் எண்டுறாய். நல்லா இரிக்கு. கிணத்தடிக்குக் கொண்டு போயிடாத, மனே. நாம குடிக்கிற தண்ணி.”

முதலில் ஆற்றுத் தண்ணீரில் கழுவப் பார்த்தேன். உப்புப் பட்டதும் அது கத்திய கத்தலை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நீண்ட காலம் அது வாயே திறக்கவில்லை. கிணற்றில் அள்ளி, தூரத்தில் கொண்டுபோய் வைத்துத்தான் கழுவினேன். தண்ணீர் அந்தக் கறுப்பின் மேல் ஒட்டவே இல்லை. உருண்டு ஓடியது. அப்போதுதான் தெரிந்தது, அது கழிவு ஒயில். எஞ்சினில் இருந்து வடிக்கிற கறுப்பு ஒயில். சொறி பிடித்த நாய்க்கு அதைப் பூசுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. சொறிப் பூச்சி சாகும் என்பார்கள். பூச்சி செத்ததோ இல்லையோ, தோல் வெந்து போகும்.

கழுத்துத் துணியை முதலில் எடுத்தேன். ஆண்கள் இடுப்பில் உடுத்துகிற பழைய சாரம் ஒன்றைக் கிழித்து, புண்ணில் இலையான் மொய்க்காதபடி இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்திருந்தது. முடிச்சு இறுகி, சதை வீங்கி அதை மூடத் தொடங்கியிருந்தது. வலை வெட்டுகிற கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாய் அறுத்தேன். நாய் அசையவில்லை. துணி ஒயிலில் ஊறித் தகரம் போல இருந்தது. அதையும், உரிந்து வந்த பொருக்குகளையும் சேர்த்து அன்றைக்கே எரித்தேன். சொறி ஊர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வந்துவிடக் கூடாது.

பிறகு தேங்காயெண்ணெய் பூசி ஊறவிட்டேன். ஒயிலை எண்ணெய்தான் இளக்கும். இளகியதைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, வேப்பிலை அவித்த தண்ணீரை ஆறவைத்து ஊற்றினேன். ஒரே நாளில் எல்லாம் செய்ய முடியாது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். உரிந்த இடமெல்லாம் சுட்ட கத்தரிக்காயின் தோல் நீக்கியது போலச் சிவந்து ஈரமாய் இருந்தது.

கழுத்துப் பக்கம் கழுவிய அன்று அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பிடிக்காத நாய் என்றாலும் மிஞ்சின இடியப்பத்தை வேலிக்கு இங்கால் போடுவது அவருக்கு அதற்குள் வழக்கமாகியிருந்தது. நாயும் மத்தியானமானால் அந்த இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். தின்று முடித்த பிறகும் அவர் நின்ற மண்ணை மோந்துகொண்டு கிடக்கும். தீனிக்காக என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

“என்னகா இது, பச்சைச் சதையா இரிக்கு,” என்றார். “பச்சைப் புண்ணில ஒயில ஊத்தியிரிக்கான். எந்தப் பாவியோ. வாயில்லாச் சீவனுக்கு இதப் பூசின கை புழுத்துப் போகும்.”

அவர் அப்படிப் பேசுகிறவர் அல்ல. மகன் போன பிறகுதான் வாய் அப்படியானது.

பொருக்குகளை ஊறவைத்து எடுக்கும்போது அவற்றுக்குள்ளே உமி இருந்தது. ஒன்றிரண்டு இல்லை. அடிவயிற்றிலும் தொடைக்கு உள்பக்கமும் படை படையாய் ஒயிலோடு சேர்ந்து ஒட்டியிருந்தது. உமிக் குவியலில் படுத்துக் கிடந்த நாய். நான் ஒவ்வொன்றாய் நகத்தால் எடுத்து ஒரு சிரட்டையில் போட்டேன். எங்கள் பக்கத்தில் அவ்வளவு உமி கிடந்த இடம் ஒன்றுதான். அதை நான் அப்போதே அறிந்தேன். அறிந்துகொண்டே அடுத்த பொருக்கை எடுத்தேன்.

பெரிய வீதியில் ஒரு அரிசி மில் இருந்தது. முதலாளி குடும்பத்தோடு வெளியேறிய பிறகு அதில் வேறு ஆட்கள் இருந்தார்கள். யார் என்று நாங்கள் கேட்பதில்லை. இருந்தவர்களும் மாறிக்கொண்டிருந்தார்கள். பஸ் அந்த இடத்துக்கு வரும்போது உள்ளே இருக்கிற எல்லோரும் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். குழந்தையின் தலையைத் தாய் கையால் திருப்பிவிடுவாள். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லை, கண்ணாவும் தண்ணீரும்தான். மில்லைத் தாண்டியதும் பேச்சு விட்ட இடத்தில் இருந்து தொடங்கும்.

நெல் போகாத அந்த மில்லில் சில நாட்களில் மெசின் ஓடியது. காற்று இருந்தால் எங்கள் கரைக்கும் கேட்கும். என்ன அரைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாய்க்குத் தோல் ஆறத் தொடங்கினாலும் சொறி விடவில்லை. இரவும் பகலும் சொறிந்து ஆறினதை மறுபடி கிழித்தது. கடைக்கார அண்ணனிடம் போனேன். கந்தகம் வேண்டும் என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்கு எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. கடையில் ஆள் குறையும்வரை நின்று, மெல்லச் சொன்னேன்.

“கந்தகமா?” என்று அவரும் குரலைத் தாழ்த்தினார். “என்ன தம்பி, பாலத்தை உடைக்கிற யோசனையோ?”

வெடிமருந்துக்கு ஆகும் என்று கந்தகத்தை விற்கவும் வாங்கவும் பயந்த காலம். நான் தலையை ஆட்டினேன்.

“இல்லை எண்டுறார். நல்ல காலம்.” உள்ளே போய் எங்கிருந்தோ ஒரு சிறு கட்டி எடுத்து வந்தார். “இதக் கட்டியாக் கொண்டு போகாத. இஞ்சயே அரைச்சு வேப்பெண்ணெயில கரைச்சுத் தாறன். போத்தில்ல எண்ணெய்தானே இரிக்கும். கேட்டா மூட்டு வருத்தத்துக்கு எண்டு சொல்லு.” என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “நீ எங்க சொல்லப் போறாய்,” என்றார்.

வரும் வழியில் காவலரணில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். சிப்பாய் போத்தலைத் திறந்து மோந்தான். முகம் சுருங்கியது. மஞ்சளாய் அடியில் படிந்திருந்ததை வெயிலில் பிடித்துப் பார்த்தான். என்ன இது என்று தன் மொழியில் கேட்டான். பிறகு தெரிந்த தமிழில் கேட்டான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைக்கார அண்ணனின் கணக்கில் பேசாமல் நின்றால் ஓம். அந்த இடத்திலும் அதற்கு அர்த்தம் அதுதான். அவன் மற்றவனைக் கூப்பிட்டான். மற்றவன் துவக்கைத் தோளில் இருந்து இறக்கினான்.

எனக்குப் பின்னால் வரிசையில் ஆண்களும் பெண்களும் நின்றார்கள். நான் குந்தினேன். ஒரு காலைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் சொறிந்தேன். பிறகு விலாவைச் சொறிந்தேன். பல்லைக் காட்டித் தொடையைக் கடித்துக் காட்டினேன்.

“பல்லா?” என்றான் முதல் சிப்பாய். நாய்க்கு அவர்களுடைய சொல். நான் மறுபடியும் சொறிந்தேன். அவன் சிரித்தான். வயது குறைந்தவன். வரிசையில் நின்றவர்களும் அவன் சிரித்த பிறகு சிரித்தார்கள். போத்தலைத் திருப்பித் தந்து, தன் ஊரில் தானும் ஒன்று வளர்ப்பதாய்க் கையால் அதன் உயரத்தைக் காட்டினான். வீட்டுக்கு வந்தால், கதை எனக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது.

“நாயாகித்தான் தப்பினாயாமே, தம்பி,” என்றார் அக்கா. மகன் போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன்.

அந்த எண்ணெய் வேலை செய்தது. பூசி வெயிலில் கட்டி வைத்து, நக்காமல் இருக்க ஓலைப்பெட்டியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினேன். மீன்தலையும் குறுணல் அரிசியும் சேர்த்து அவித்துக் கொடுத்தேன். தோலின் தடிப்பு இறங்கியது. கறுப்பு மாறிச் சாம்பலாகி, சாம்பல் மாறி வெளிறியது. பிறகு மயிர். வட்டையில் விதைத்த நெல் முளைப்பதை நேரே நின்று பார்த்தால் தெரியாது, வரம்பில் குந்திச் சரிவாய்ப் பார்த்தால்தான் பச்சை தெரியும். அதுபோல ஒரு காலை, வெயில் பக்கவாட்டில் விழும்போது நாயின் முதுகில் சிவப்பாய் மெல்லிய மயிர் அரும்பியிருக்கக் கண்டேன். கையை வைத்தேன். மெத்தென்று இருந்தது. எனக்கு வந்த சந்தோசத்தை யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை.

மயிர் முதுகில் தொடங்கிக் கீழே இறங்கியது. நல்ல செவலை. காது நிமிர்ந்தது. கடைசியாய்க் கால்கள். மூன்று கால் சிவப்பாய் முளைத்தது. பின்னங்கால் ஒன்று மட்டும் முழங்காலுக்குக் கீழே வெள்ளையாய் முளைத்தது. சுண்ணாம்புச் சட்டிக்குள் காலை வைத்து எடுத்தது மாதிரி.

நான் அந்தக் காலைப் பிடித்தபடி இருந்துவிட்டேன். அதை நான் முன்னமே கண்டிருக்கிறேன். பெரிய வீதியில் நடக்கும்போது, மெசின் திருத்துகிற கொட்டிலில், மேசைக்குக் கீழே இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால். நாயை ஒருபோதும் முழுதாய்ப் பார்த்ததில்லை, அந்தக் காலைத்தான். அது வான் போன அன்று பின்னால் ஓடியது என்று கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னது ஞாபகம் வந்தது. அக்காவின் மகனுடைய நாய்.

உமியை நினைத்தேன். ஒயிலை நினைத்தேன். நான் எரித்த துணியை நினைத்தேன்.

அவன் போகும்போது நாய்க்குச் சொறி இல்லை. சொறி பிடித்து, மயிர் கொட்டி, தோல் தடிக்க மாதங்கள் வேண்டும். அந்தத் தடித்த தோலுக்கு மேலேதான் ஒயில் இருந்தது. மில்லில் அடைபட்ட ஒருவரோ, காவல் நின்ற ஒருவரோ, யாரோ அதைக் கிட்டக் கூப்பிட்டு, அதன் கண்ணுக்குள் ஒயில் போகாமல், காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் விட்டுப்போகாமல் பூசியிருக்கிறார்கள். சாரத்தைக் கிழித்திருக்கிறார்கள்.

நான் நாயை வீட்டுக்குப் பின்னால், வேலியில் இருந்து தெரியாத இடத்தில் கட்டினேன். எதற்கென்று சரியாய்ச் சொல்லத் தெரியாது. அவர் பார்த்தால் கேட்பார், கேட்டால் நான் ஏதாவது சொல்ல வேண்டும். மத்தியானமானால் நாய் கயிற்றை இழுத்து முனகியது. அது வந்து சேர்ந்த நாளில் கத்தியதற்குப் பிறகு அதன் குரலை அப்போதுதான் கேட்டேன்.

அந்த முனகலைக் கேட்டுத்தான் அக்கா வந்தார். கையில் இடியப்பத் தட்டு.

“ஏன் மனே கட்டிப் போட்டிரிக்காய்? ஆரையும் கடிச்சதா?”

அவர் கண் அந்த வெள்ளைக் காலில் விழுந்தது. தட்டைக் கீழே வைத்தார். நாய் படுத்தபடியே வாலால் மண்ணைத் தட்டியது. பிடிக்காத நாயின் பின்னங்காலை அவர் கையில் எடுத்தார், கடையில் துணியின் கரையைப் பிடித்துப் பார்ப்பது போல.

“வீட்டுக்குக் கொண்டு வந்தா உனக்குச் சோறில்லை எண்டு அவனுக்குச் சொன்னன்,” என்றார். “ஒருநாள் பின்னால வந்தது. தடியெடுத்துக் கலைச்சன். இந்தக் காலத்தான் கண்டன்.”

நான் உமி இருந்த சிரட்டையைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். எறியாமல் வைத்திருந்தேன். சொல்ல வேண்டியதை அதுவே சொல்லட்டும் என்றுதான். அவர் ஒரு உமியை விரலில் ஒட்டி எடுத்துப் பார்த்தார். மில் என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை.

“கொட்டிலுக்கு வாற சொறி நாய்க்கெல்லாம் அவன் ஒயில்தான் பூசுவான்,” என்றார் பிறகு. “அவனிட்ட வேற என்ன இரிக்கும்? அவன் போன பிறகும் அங்க மெசின் ஓடிச்சே, தம்பி. நீயும் கேட்டிரிப்பாய். ஓடாத மெசினத் திருத்தத்தானே கூட்டிப் போனாங்க. அவன்தான் ஓட்டியிரிக்கான்.” என் முகத்தைப் பார்த்தார். “கழுத்தில துணி கட்டியிரிந்ததே. என்ன துணி?”

“சாரம்,” என்றேன்.

“நீலமா? நீலத்தில வெள்ளைக் கோடா? அதுதான் உடுத்திட்டுப் போனவன்.”

துணி கறுப்பாய் இருந்தது. அறுக்கும்போது உள்பக்கத்தையும் பார்த்தேன். அதுவும் கறுப்புத்தான். கழுவியிருந்தால் நிறம் தெரிந்திருக்கும். நான் கழுவவில்லை. இதைத்தான் சொல்ல வேண்டும். நாலைந்து சொல்தான். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நான் பேசாமல் நின்றேன்.

அவர் கண்ணை மூடினார். “ஓம்,” என்றார் எனக்குப் பதிலாக. “ஓமா, மனே. நல்லது.”

அதற்குப் பிறகு அவர் மாறினார். நாய்க்கு மருந்தெண்ணெய் பூசுவதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். எங்கெங்கே ஒயில் கூடுதலாய் இருந்தது என்று கேட்டு, நான் காட்டிய இடங்களிலெல்லாம் மெல்லப் பூசினார். மகனின் உடுப்புகளைத் துவைத்து வெயிலில் போட்டார். அவன் வந்தால் எங்கே அனுப்பலாம், கல்குடாவில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்கா, கொழும்புக்கா என்று வேலியடியில் நின்று என்னிடம் யோசனை கேட்டார். நான் பேசாமல் நின்றேன். எல்லாவற்றுக்கும் ஓம்.

ஆனால் எனக்குள்ளே ஒரு கேள்வி வந்து குந்திவிட்டது. தோணியில் போகும்போதும் அதுதான், வலையை வீசும்போதும் அதுதான். மாதக்கணக்காய் மில்லின் உமியில் படுத்துக் காத்திருந்த நாய், மயிர் கொட்டிய பிறகும் போகாத நாய், பிறகு ஏன் எழுந்து வந்தது? அது வந்த நாட்களில் மெசின் சத்தம் நின்றுவிட்டதையும் நான் கவனித்திருந்தேன். அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை. அக்கா ஓடியதை மட்டும் நினைத்தார். நின்றதை அவர் ஒருநாள் நினைப்பார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன்.

ஒரு காலை அவர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல சீலை உடுத்திருந்தார்.

“என்னோட வா, தம்பி. நீ ஒண்டும் கதைக்க வேணாம். பக்கத்தில நிண்டாப் போதும்.”

பெரிய வீதியால் நடந்தோம். நாயைக் கண்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செவலை மயிர் வெயிலில் மினுங்கியது. ஆளில்லாமல் திறந்து கிடந்த கொட்டிலைத் தாண்டும்போது அது நின்று வாசலை மோந்தது, பிறகு நடந்தது. மில்லுக்கு முன்னால் ஒரு மதகு உண்டு. மதகு வரைக்கும் முன்னால் போன நாய், அதில் கால் வைத்ததும் நின்றது. அக்கா கயிற்றைத் தளர்த்தினார்.

“போ,” என்றார். “காட்டு.”

மில்லின் வெளிக் கதவு தெரிந்தது. பக்கத்தில் உமிக் குவியல், மழை பட்டுக் கறுத்துப் போய். ஒரு சத்தமும் இல்லை. நாய் அந்தப் பக்கம் மூக்கைத் தூக்கி மோந்தது. எதுவோ வரும் என்று நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். பிறகு அது திரும்பி, மில்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாங்கள் வந்த வழியைப் பார்த்தபடி இருந்துவிட்டது. அக்கா மெல்லக் கூப்பிட்டார். தட்டிக் கொடுத்தார். கயிற்றை ஒருதரம் இழுத்தார். அது எழும்பவில்லை. அந்தப் பக்கம் தலையைத் திருப்பவும் இல்லை.

ஒரு பஸ் போனது. உள்ளே இருந்த முகங்களெல்லாம் ஆற்றுப் பக்கம் திரும்பின. நாங்கள் அந்தப் பக்கத்தில் நின்றதால் அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள்.

“வா, போவம்,” என்றார் அக்கா. அது என்னிடம் சொன்னதா நாயிடம் சொன்னதா தெரியாது. நாய்தான் முதலில் எழும்பியது.

திரும்பி வரும் வழியில் அவர் அழவில்லை. ஆற்றங்கரை ஒழுங்கையில் இறங்கும்போது நின்றார். நாயின் கழுத்தில் கை வைத்தார். துணி இருந்த இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குச் சுற்றிவர, மயிர் வெள்ளையாக முளைத்திருந்தது. வெந்த தோலில் அப்படித்தான் முளைக்கும்.

“தம்பி,” என்றார். “இதுட கழுத்தக் கழுவின அண்டைக்கு நான் வேலியடியில நிண்டனே. பூசின கையைப் பற்றி ஏதோ சொன்னன். என்ன சொன்னன்?”

தலையை ஆட்டினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, நாயின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலை ஆட்டினால் அவருக்குத் தெரியாது. பேசாமல் நின்றால் அது ஓம் ஆகிவிடும்.

நான் வாயைத் திறந்தேன்.

“பூசின கை நல்லா இரிக்கட்டும் எண்டு சொன்னீங்க, அக்கா,” என்றேன். “வாயில்லாச் சீவனுக்கு வைத்தியம் பாத்திரிக்கான், நல்லா இரிக்கட்டும் எண்டு.”

குரல் என்னுடையது மாதிரியே இல்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னதை நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் தலையையும் ஆட்டவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. கயிற்றைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நாய் அவர் பின்னால் போய், என் வேலிப் படலையைத் தாண்டி, அவருடைய படலைக்குள் நுழைந்தது. அவர் அதைக் கலைக்கவில்லை.